தானே அணையும் மின் கெட்டில்



வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் மகன், உம்மாவுக்கென வாங்கி வரும் பொருள்களுள் மின் கெட்டிலும் ஒன்றாகிவிட்டது. விறகடுப்பின் புகையில் பல்லாண்டுகளைக் கழித்த அந்தத் தாய், இன்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலையைக் கவனிக்கச் செல்கிறார். சற்று நேரத்தில் 'டக்' என்றோர் ஓசை. தண்ணீர் கொதித்துவிட்டது, கெட்டிலும் தானாக அணைந்துவிட்டது. "கொதித்ததை இது எப்படி அறிந்தது?" என்று பேரப்பிள்ளை கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்?

தண்ணீரின் சூட்டை அளந்துதான் அறிகிறது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். உண்மை அதுவன்று. பெரும்பாலான கெட்டில்கள் நீராவியைக் கொண்டே கொதிநிலையை அறிகின்றன. உட்புறத்தில் மேல் விளிம்பையொட்டி, கைப்பிடிப் பக்கமாகப் பாருங்கள். ஒரு சிறு துளை இருக்கும். தண்ணீர் நன்கு கொதிக்கும்போது மேலெழும் ஆவி, மூடி அடைத்திருப்பதால் அத்துளையின் வழியே பாய்ந்து விசையருகில் உள்ள ஒரு சிறு தகட்டைச் சூடாக்குகிறது.

அத்தகடு ஒரே உலோகத்தால் ஆனதன்று. சூட்டினால் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. ஒன்று அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் விரிவதால் தகடு வளைந்தே தீரவேண்டும். சற்றே குழிந்த வடிவில் அமைத்திருப்பதால், தகர மூடியின் நடுவை விரலால் அழுத்தினால் சட்டென மறுபுறம் புடைப்பதைப் போல அதுவும் புடைக்கிறது. விசையைத் தள்ளி மின்சாரத்தைத் துண்டிக்கிறது. நாம் கேட்கும் ஓசை அதுவே.

சூட்டை அளக்காமல் ஆவியை நம்பியது ஏன்? தண்ணீர் எல்லா இடத்திலும் நூறு டிகிரியில் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நூறு டிகிரியை எதிர்பார்த்து நிற்கும் கருவி அங்கே அணையவே அணையாது. ஆவியோ, மலையானாலும் கடற்கரையானாலும் கொதிக்கும்போது தவறாமல் பொங்கி வரும்.

ஈருலோகத் தகட்டின் வரலாறும் அறியத்தக்கது. தச்சுத் தொழிலிலிருந்து கடிகாரக் கலைக்கு வந்த ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர், தட்பவெப்ப மாறுதலால் கப்பல் கடிகாரம் நேரம் பிசகாதிருக்க 18ஆம் நூற்றாண்டில் இதனைக் கையாண்டார். 1955இல் பிரிட்டனின் ரஸ்ஸல் ஹாப்ஸ் நிறுவனம், தானே அணையும் கெட்டிலை இதே தகட்டின் துணையோடு விற்பனைக்குக் கொண்டு வந்தது. பின்னர் ஜான் டெய்லர் என்பவர் கெட்டில் விசைகளை மேலும் செம்மைப்படுத்தினார். அவரே ஹாரிசனைப் போற்றும் விதமாக ஒரு விந்தைக் கடிகாரத்தை உருவாக்கினார். 2008இல் அது கேம்பிரிட்ஜில் திறந்து வைக்கப்பட்டது.

இனி, நம் இல்லங்களுக்கு வருவோம். கெட்டில் ஆவியை நம்பியிருக்கிறது. ஆவியோ மூடியை நம்பியிருக்கிறது. மூடி திறந்து கிடந்தால் ஆவி மேலே கலைந்து போகும், தகடு சூடேறாது, கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். 1500 வாட் கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை மூன்றரை நிமிட அளவில் கொதிக்க வைக்கும். அதன் பின்னும் அணையாவிட்டால், சுமார் 25 நிமிடங்களில் அந்த ஒரு லிட்டரும் ஆவியாகி வற்றிவிடும். பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சற்றுப் பேசியிருந்துவிட்டு வரும் நேரம்தானே அது!

இத்தகைய நிலைக்கென நல்ல கெட்டில்களின் அடித்தட்டில் மற்றொரு தகடு உண்டு. தண்ணீரின்றி அடிப்பகுதி அளவு மீறிச் சூடேறினால் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆயினும் அது ஆபத்துக்கான காவல்; அன்றாடப் பழக்கத்துக்கானதன்று. அதனை நம்பி அசட்டையாக இருத்தல் அறிவுடைமையாகாது.

எனவே சகோதர சகோதரிகளே, சில வழக்கங்களை மேற்கொள்ளுங்கள். மூடியை அழுத்தி மூடிய பின்னரே பொத்தானை அழுத்துங்கள். உள்ளே குறித்துள்ள கீழ்க்கோட்டுக்குக் குறைவாகவோ மேற்கோட்டுக்கு மிகுதியாகவோ தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதித்த பின்னும் அணையாத கெட்டிலை, "பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் சுவர் விசையையும் அணைத்து விடுங்கள். பார்வை மங்கிய முதியோர் தனித்திருக்கும் வீடாயின், கெட்டிலை வாங்கித் தருவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அருகில் அமர்ந்து, மூடியை எப்படி மூடுவது, எந்த ஓசைக்குக் காத்திருப்பது என்று நாலைந்து முறை பழக்கிக் கொடுப்பதும் பிள்ளைகளின் கடமையே.

தானே அணையும் கருவிதான். ஆனால் மூடியை மூட வேண்டியது நம் கை.