அண்ணா சாலைக் கட்டடங்கள்: வயது ஒன்றே தகுதியாகாது

ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டுமா என்ற பேச்சு எழுந்தால், நம் ஊரில் முதலில் கேட்பது "எந்த வருஷம் கட்டினது?" என்பதைத்தான். வெள்ளைக்காரர் காலத்தது என்றால் ஒரு மரியாதை கிடைக்கும். சுதந்திரத்தை ஒட்டியோ அதற்குப் பிறகோ சிமெண்டில் எழும்பியது என்றால், "இதில் என்ன இருக்கு, இடிச்சுட்டுப் புதுசா கட்டிடலாமே" என்று பேச்சு முடிந்துவிடும். அண்ணா சாலையிலும் அதை ஒட்டிய சிந்தாதிரிப்பேட்டை, திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பகுதிகளிலும் குடியிருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கட்டட வேலை தெரிந்தவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் மன்றம் இந்த அளவுகோலை ஏற்கவில்லை. சென்னையில் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலுக்கு வயது வரம்பே கூடாது. 1930-களின் வளைந்த பால்கனி வீடுகளும், 1950 முதல் 1970 வரை எழுந்த கான்கிரீட் கட்டடங்களும் அதில் இடம்பெற வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

அண்ணா சாலையில் நடந்து போகும் தூரத்துக்குள் இருக்கும் இரண்டு கட்டடங்களைப் பாருங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முனையில் இருக்கிறது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897-ல் டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து நிறுவனத்துக்காக எழும்பியது. அப்போது அதன் பெயர் கார்டைல் கட்டடம். சிவந்த சுவர், வளைவுகள், கூம்புகள், சிறு கோபுரங்கள் என்று இந்தோ-சாரசெனிக் பாணியின் எல்லா ஆசைகளும் அதில் உண்டு. 1934-ல் பாரத் இன்சூரன்ஸ் அதை வாங்கியது. இன்னொன்று, சினிமாவில் சென்னைக்குப் புதிதாக வந்திறங்கும் கதாநாயகன் தலையை நிமிர்த்திப் பார்க்கும் எல்.ஐ.சி. கட்டடம். தொழிலதிபர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தம் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கிய வேலை அது. 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். 1956-ல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது. 1959-ல் கட்டடம் திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே உயரமானது அதுதான். தேசியமயத்தின் வழியாக இரண்டு கட்டடங்களும் ஒரே கைக்கு வந்து சேர்ந்தன.

அதற்குப் பிறகு இரண்டின் கதையும் வேறு வேறாகப் போனது. 2006-ல் பாரத் கட்டடத்தை இடிக்கும் வேலை தொடங்கியது. பாரம்பரியக் கட்டடங்களுக்காகக் குரல் கொடுக்கும் இன்டாக் அமைப்பு உயர்நீதிமன்றத்துக்குப் போய் அதை நிறுத்தியது. 2010-ல் வந்த தீர்ப்பு இடிக்கக் கூடாது என்றது. நகரின் பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கத் தனிக்குழு வேண்டும் என்றும் சொன்னது. கட்டடம் நின்றது. ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. சுவரில் மரக்கன்றுகள் முளைத்தன. எல்.ஐ.சி. கட்டடமோ 1975-ல் பெரிய தீ விபத்தைச் சந்தித்தது. பழுது பார்த்தார்கள், மறுபடி வேலை நடந்தது. பழையது நீதிமன்றத்தால் பிழைத்தது, புதியது புழக்கத்தால் பிழைத்தது. கட்டடத்துக்கு இரண்டாவது வழிதான் ஆரோக்கியம் என்று நாங்கள் நினைக்கிறோம். அதற்காக எல்.ஐ.சி. கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டாம் என்று ஆகிவிடாது. ஊரே ஒரு கட்டடத்தின் மீது பாசம் வைத்திருக்கலாம். இடிப்பு அனுமதி கேட்டு ஒரு மனு வந்து மேசையில் விழும் நாளில் பாசம் சாட்சி சொல்ல வராது.

இவை இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. எங்களுக்கு அதிகக் கவலை தருபவை, இவை இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த, பெயர் இல்லாத கட்டடங்கள்தான். பாரிமுனையின் டேர் ஹவுஸ் (1940), அண்ணா சாலையின் கஸ்தூரி பில்டிங்ஸ் ஆகியவற்றை ஆர்ட் டெக்கோ என்று சொன்னால் இப்போது சிலருக்காவது புரிகிறது. அதே பாணியில் எங்கள் சந்துகளில் இருக்கும் வீடுகளை யாரும் எண்ணியதில்லை. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மாடிப்படி ஏறும் பக்கம் மட்டும் சுவர் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். அதில் மேலிருந்து கீழ் வரை ஒடுக்கமான கண்ணாடிப் பட்டை. பால்கனி மூலையில் மடங்காமல் வளைந்து திரும்பும். ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் தனித்தனியாக இல்லாமல் ஒரே கோடாக வீட்டைச் சுற்றி ஓடும். கப்பல் ஜன்னல் போல வட்டமாக ஒரு திறப்பு. கேட்டிலும் கிரில்லிலும் உதயசூரியக் கதிர்கள். கைப்பிடிச் சுவரின் நெற்றியில் சிமெண்டில் புடைத்த எழுத்தில் ஒரு 'விலாஸ்' அல்லது 'நிலையம்', அதன் கீழே வருஷம். உள்ளே சிவப்பு ஆக்சைடு தரையோ மொசைக்கோ இருக்கும். மொசைக்கின் ஓரத்தில் கறுப்புப் பட்டை. இந்த வீடுகளைப் பெரும்பாலும் உள்ளூர் மேஸ்திரிகள்தான் கட்டினார்கள். பம்பாயிலும் சினிமாவிலும் பார்த்ததைத் தங்கள் கைக்கு வந்தபடி செய்தார்கள். அதனால்தான் ஒரு தெருவின் இரண்டு வீடுகள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை.

வயது பார்க்காமல் பட்டியலிடுவதை மும்பை செய்து காட்டியது. விக்டோரியா காலக் கட்டடங்களையும் ஆர்ட் டெக்கோ கட்டடங்களையும் ஒரே தொகுதியாக முன்வைத்து, 2018-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது. நூற்றாண்டு தாண்டியதும் தாண்டாததும் ஒரே மைதானத்தின் இரு பக்கங்களில் நிற்கின்றன. மாறாக டில்லியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிரகதி மைதானத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் 1972-ல் கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல், பொறியாளர் மகேந்திர ராஜ். எஃகுக்குப் பதில் கான்கிரீட்டிலேயே அவ்வளவு பெரிய முப்பரிமாணச் சட்டகத்தை எழுப்பியது உலகம் வியந்த வேலை. 60 வயது நிரம்பாததால் அதைப் பாரம்பரியமாகப் பரிசீலிக்க முடியாது என்றது அங்குள்ள பாரம்பரியப் பாதுகாப்புக் குழு. 2017 ஏப்ரலில் இடித்தார்கள். ஒரு கட்டடம் 60 வயதை எட்டும் வரை உயிரோடு இருக்க வேண்டும், ஆனால் அதுவரை அதற்குப் பாதுகாப்பு கிடையாது என்பது என்ன கணக்கு? மத்தியத் தொல்லியல் சட்டம் 100 ஆண்டுகள் கேட்கிறது. கோயிலுக்கும் கோட்டைக்கும் அது பொருந்தலாம். மனை விலை ஏறிக்கொண்டே போகும் தெருவில், அவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதே அதிசயம். அண்ணா சாலையில் சஃபையர் திரையரங்கு போனது, சாந்தி போனது. அங்கே பார்த்த படங்களைப் பற்றி ஆயிரம் பேர் எழுதினார்கள். முகப்பைப் பற்றி எழுதியவர்கள் சொற்பம்.

"கான்கிரீட்டுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். இதில் பாதி உண்மை. கம்பிக்கு மேலே பூச்சுக் கனம் குறைவாக இருந்தால், ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து உப்பும்; உப்பிய கம்பி கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே தெரியும். அதைச் சரிசெய்யும் முறைகள் இருக்கின்றன, தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். பழைய கட்டடத்தின் நோய் வேறு மாதிரி. மெட்ராஸ் டெரஸ் தளத்தில் தேக்கு உத்திரங்கள் மீது சன்னமான செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவிட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். இப்படிப்பட்ட வீட்டின் சுண்ணாம்புச் சுவர்மேல் இன்று சிமெண்டைப் பூசுகிறார்கள். சுவர் மூச்சு விட முடியாமல் ஓதம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, இரண்டு மழைக்குள் பூச்சு பெயர்ந்து விழுகிறது. உடனே "பழைய வீடு, தாங்காது" என்று தீர்ப்பு. எங்கள் பகுதியில் இடிபட்ட பல வீடுகள் தப்பான வைத்தியத்தால் செத்தவை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்த பிரச்சினை.

வீட்டுக்காரர்களைக் குற்றவாளியாக்குவது எங்கள் நோக்கமில்லை. அண்ணன் தம்பி நான்கு பேருக்குப் பாகம் பிரிக்க வேண்டும். பில்டர் ஜாயின்ட் வென்ச்சர் பேசி ஆளுக்கொரு ஃபிளாட் தருகிறேன் என்கிறார். "உங்கள் வீடு அழகாக இருக்கிறது, இடிக்காதீர்கள்" என்று வெளியிலிருந்து சொல்பவர், மேல்தளம் ஒழுகும்போது ஒரு மூட்டை சுண்ணாம்புக்குக்கூடக் காசு தருவதில்லை. எனவே பட்டியலில் சேரும் கட்டடத்துக்குச் சொத்து வரியில் சலுகை வேண்டும். அங்கே கட்டாமல் விட்டுக்கொடுக்கும் தளப்பரப்பை வேறு இடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ எளிதான வழி வேண்டும். உள்ளே சமையலறையையும் கழிப்பறையையும் மாற்ற, லிஃப்ட் வைக்க, கடையாகவோ கிளினிக்காகவோ ஆக்க, அலைக்கழிக்காத அனுமதி வேண்டும். இவை இல்லாமல் பட்டியல் மட்டும் போட்டால் அது வீட்டுக்காரருக்குத் தண்டனை. 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியும் அது நடைமுறைக்கு வர வருஷக்கணக்கில் ஆனது. இந்த முறை பணமும் சட்டமும் சேர்ந்தே வரட்டும்.

எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கச் சொல்கிறோம் என்றும் நினைக்க வேண்டாம். 1960-களில் அவசரத்தில் கட்டிய சில அரசு அலுவலகக் கட்டடங்களில் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை; வயதைக் காட்டி அவை சலுகை கேட்க முடியாது. அதேபோல் இன்று கட்டுவதெல்லாம் மோசம் என்ற புலம்பலிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. ஓமந்தூரார் தோட்டத்தில் 2010-ல் தலைமைச் செயலகமாகத் திறந்த கட்டடம் 2014 முதல் மருத்துவமனையாக இயங்குகிறது. அரசியலில் அது சரியா தப்பா என்பது எப்படியோ போகட்டும். இடிக்காமல் வேறு வேலைக்குக் கொடுத்தது நல்ல முன்னுதாரணம். எங்களுக்கு உறுத்துவது வேறு. காற்று புகும் துளைத் தடுப்பான ஜாலி வேலைப்பாடும் சன்ஷேடும் உள்ள 1950-களின் முகப்பை அலுமினியத் தகடு வைத்து மூடி, மேற்கு வெயிலின் சூட்டை உள்ளே வாங்கிக்கொண்டு, பிறகு ஏ.சி. பில்லைப் பார்த்துத் திகைப்பது. இன்னொன்று, புதுக் கட்டடத்தின் தலையில் ஃபைபர் குவிமாடம் ஒட்டி 'ஹெரிட்டேஜ்' என்று பெயர் வைப்பது. கட்டடக் கலைஞர் சிஷோம் எழுப்பிய, அசல் குவிமாடங்கள் கொண்ட பல்கலைக்கழக செனட் ஹவுஸ் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. நகலை ரசிக்க அவசியமில்லை.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரிய ஆணையத்திடமும் நாங்கள் எழுத்தில் கேட்கப்போவது இவை: புதிய பட்டியலில் வயது வரம்பு இருக்கக் கூடாது, கட்டட வேலைப்பாடு, பயன்பாடு, தெருவின் நினைவில் அதன் இடம் ஆகியவற்றைக் கொண்டு தரம் பிரிக்க வேண்டும், இடிப்பு அனுமதி மனுக்களை முடிவெடுக்கும் முன்பே அந்தந்த வார்டில் அறிவிக்க வேண்டும், சுண்ணாம்பு வேலைக்கும் கான்கிரீட் பழுதுக்கும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடம் வேண்டும்.

எங்கள் பங்குக்கு, தெருத் தெருவாக ஒரு பதிவேடு தொடங்குகிறோம். கட்டடத்தின் முகப்புப் படம், தெரிந்தவரை கட்டிய வருஷம், கட்டியவர் பெயர், இப்போதைய நிலை ஆகியவை அதில் இருக்கும். வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் மட்டுமே உள்ளே நுழைவோம். தன் வீட்டைப் பட்டியலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொல்பவரின் காரணத்தையும் அவர் சொன்னபடியே அதே பக்கத்தில் எழுதி, அதிகாரிகளுக்கு அப்படியே கொடுப்போம்.