பூதப்பாண்டி மடையானை யார் கணக்கில் எழுதுவது?

கும்பப்பூ நடவுக்குத் தண்ணீர் கட்டிய பூதப்பாண்டி வயல்களில், வரப்போரம் ஆடாமல் அசையாமல் நிற்கும் கொக்கை ஒருவர் மடையான் என்பார், இன்னொருவர் குருட்டுக்கொக்கு என்பார், புத்தகம் குளத்துக்கொக்கு என்னும். மூன்றும் ஒரே பறவைதான். ஆர்டியோலா கிரேயி என்ற அறிவியல் பெயருக்குக் கீழே எல்லாப் பெயரும் ஒன்றுசேர்கின்றன. பொதுமக்கள் கூடி இணையத்தில் சேர்க்கும் உயிரினத் தகவல் களஞ்சியங்கள் இந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன.

எப்படி வேலை செய்கிறது?

ஐநேச்சுரலிஸ்டில் படம், தேதி, இடம் மூன்றும் இருந்தால் போதும். பெயர் தெரியாவிட்டால் மற்றவர்கள் சொல்வார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவுக்கு 'ஆய்வுத் தரம்' கிடைக்கும். இரண்டே பேர் சேர்ந்து தப்பாகச் சொன்னாலும் அந்த முத்திரை விழுந்துவிடலாம். எனவே படம் போடுபவர்களைவிட, திருத்தத் தெரிந்தவர்கள்தான் இன்னும் அதிகம் தேவை.

இபேர்டு வேறு மாதிரி. அங்கே ஓரிடத்தில் அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எண்ணி எழுத வேண்டும். "காக்காவையுமா?" என்றால், ஆமாம், காக்காவையும்தான். முழுப் பட்டியல் இருந்தால்தான், அதில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ள முடியும்.

இதனால் என்ன லாபம்?

சுமார் 30,000 ஆர்வலர்களின் 3 கோடிப் பதிவுகளை வைத்து 2023-இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை வந்தது. ஆராய்ந்தது 942 இனங்களை. நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடிந்தது 338-க்கு மட்டுமே. அவற்றில் 60 சதவீதம் குறைந்துவருகின்றன. மற்ற இனங்களுக்குப் பழைய பதிவு போதவில்லை.

குமரி மாவட்டத்தில் சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறின. கேமராவோடு வருபவர்கள் அங்கே போவது இயல்பு. பேர் பெறாத ஊர்க்குளத்துக்கும் நெல்வயலுக்கும் ஊர்க்காரர்கள்தான் எழுத வேண்டும். வயல் வாழைத்தோப்பாகவோ வீட்டுமனையாகவோ மாறிய பிறகு, "முன்னே இங்க என்ன இருந்தது?" என்ற கேள்விக்குப் பெரியவர்களின் ஞாபகம் மட்டும் சாட்சியாகாது.

ஒரு எச்சரிக்கை. எறும்புத்தின்னி போல வேட்டைக்கு இலக்காகும் உயிரினங்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைத்துவிடும். அதே படத்தை இடப்பெயரோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த மறைப்பால் பயனில்லை.

தொடங்க நல்ல நேரம் ஜனவரி. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் எண்ணினால் போதும். வீட்டுப் புழக்கடையிலும் எண்ணலாம்.