ஒடுக்கு சொல்லும் உண்மை

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஆய்வுக்கூடத்தில் அளவெடுத்து ஏட்டில் குறிப்பதே அறிவியல் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒரு பொருளைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்து, ‘இது ஆகும், இது ஆகாது’ என்று தீர்ப்புச் சொல்வதும் அறிவியலே என்பது என் கருத்து. சுட்டு முடித்த ஒரு பித்தளைத் தோட்டாக் கூடே இதற்குச் சான்று.

துப்பாக்கிப் பயிற்சி முடிந்ததும் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணி ஒப்படைப்பதைத் தேசிய மாணவர் படை நண்பர்கள் அறிவார்கள். அந்தச் சிறு .22 கூடு ஒரு முறையோடு சரி. பெரிய ரைஃபிள் கூடுகளையோ மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்த முடியும். மேலைநாடுகளில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டு வீரர் பலர் இதைத் தாமே செய்கின்றனர். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே நான் பேச வந்தது தயாரிப்பைப் பற்றியன்று. அதற்கு முந்திய சோதனையைப் பற்றி.

கூட்டைத் துடைத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்கிறார்கள். உடம்பில் ஆழமில்லாத ஒடுக்கு பெரிய குற்றமன்று. அடுத்த முறை சுடும்போது உள்ளழுத்தமே அதை வெளியே தள்ளிவிடும். ஆனால் கூர்மையாய் மடிந்த ஒடுக்கு, கழுத்தில் மயிரிழை விரிசல், அடிக்குச் சற்று மேலே பளிச்சென்ற வளையம், இவற்றில் எது இருந்தாலும் தள்ளுபடிதான். அந்த வளையம் அழகன்று. உள்ளே தகடு மெலிந்ததன் அறிகுறி. நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். பாராமல் விட்டால் கூடு அங்கே இரண்டாகப் பிரிந்து, கொதிக்கும் வாயு சுடுபவர் முகத்துக்கே திரும்பக்கூடும்.

பித்தளையின் உள்நோயை உலகம் அறிந்ததில் நம் நாட்டு மழைக்கும் பங்குண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த கூடுகள் தாமாகவே விரிசல் கண்டன. லாயத்தில் எழுந்த அம்மோனியாவும், கூட்டை வடித்தபோது உலோகத்தில் தங்கிவிட்ட தகைவும் சேர்ந்ததே காரணம் என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921-இல் விளக்கினர். மிதமான சூட்டில் பதப்படுத்தினால் அந்தத் தகைவு தணியும்.

என் தந்தையார் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ‘ஈயம் பூசலையோ, ஒடுக்கு எடுக்கலையோ’ என்று கூவிச் சென்றவர். பள்ளி வாசலை அறியாதவர். குடத்தைத் தட்டி, ஒலி கேட்டே விரிசலைச் சொல்வார். பெரிய ஒடுக்கானால் முதலில் அனலில் வாட்டுவார். “சூடு காட்டாம அடிச்சா பித்தளை கோவிச்சுக்கும்” என்பார். அவர் கோபம் என்றதைத்தான் நம் பாடநூல் தகைவு என்கிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இங்கு நிறையப் பேர். பட்டம் கைக்கு வருமுன்பே பெற்றோரின் தொழிலை வெளியே சொல்லக் கூசுகிறோம். தேர்வில் வராததற்கு மதிப்பெண் ஏது என்று சிலர் கேட்கலாம். விரிசலைக் காணத் தெரியாதவன் உலோகவியலில் நூற்றுக்கு நூறு வாங்கி என்ன பயன்?

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசை ஒதுக்குங்கள். பழைய பித்தளைக் குடங்களையும் குழாய்களையும் அதில் வையுங்கள். நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் காரணம் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளேனும் பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவரை அழைத்து வந்து, அந்த மேசையின் முன் ஆசிரியராக நிற்க வையுங்கள். மாணவர்களாகிய நாங்கள் ஏட்டோடு காத்திருப்போம்.