கதவு திறந்தும் வெளியே வராதவர்கள்

1978-ம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ந் தேதி, சனிக்கிழமை.

தென் அமெரிக்காவில் கயானா என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே அடர்ந்த காட்டின் நடுவில் ஒரு குடியிருப்பு. பெயர் ஜோன்ஸ்டவுன். அமெரிக்காவில் இருந்து வந்த 900-க்கும் அதிகமானவர்கள் அதில் வசித்தார்கள். எல்லோரும் ஒரே மத சபையைச் சேர்ந்தவர்கள். "பீப்பிள்ஸ் டெம்பிள்" என்பது சபையின் பெயர். மக்கள் கோவில் என்று பொருள். ஜிம் ஜோன்ஸ் என்ற பாதிரியார் அதன் தலைவர்.

அந்தச் சனிக்கிழமை அவர்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. லியோ ரயான் என்ற அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினர், பத்திரிகை நிருபர்களுடன் அங்கே வந்திருந்தார். எங்கள் பிள்ளைகளை அங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று உறவினர்கள் புகார் செய்திருந்தார்கள். அதை நேரில் பார்க்கவே அவர் வந்தார். ஊர் திரும்ப விரும்புகிறவர்களைத் தம்முடன் அழைத்துப் போகத் தயார் என்றும் சொன்னார்.

அவருடன் புறப்பட்டவர்கள் சுமார் 15 பேர்தான்!

மாலையில் விமானம் ஏறும் நேரத்தில் ரயானும் மேலும் 4 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் ஜோன்ஸின் ஆட்கள். அன்று இரவுக்குள் ஜோன்ஸ்டவுனில் 909 பேர் பிணமானார்கள். அநேகமாக எல்லோரும் விஷத்தால் இறந்தவர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் குழந்தைகளும் சிறுவர் சிறுமிகளும்.

செய்தியைக் கேட்டவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இவர்களுக்குப் புத்தி இல்லையா? கதவு திறந்த அன்றாவது ஓடி வந்திருக்கக் கூடாதா?

அந்தக் கேள்விக்கு ஒரு மூதாட்டியின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

அக்காளும் தங்கையும்

அவர் பெயர் ஹயசிந்த் திராஷ். கறுப்பர் இனத்தவர். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் தங்கையோடு வசித்து வந்தார். 1957-ம் ஆண்டில் ஒரு நாள், தங்கை டெலிவிஷனில் ஒரு காட்சியைப் பார்த்தார். ஒரு தேவாலயத்தில் வெள்ளையரும் கறுப்பரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். அது ஜோன்ஸின் தேவாலயம்.

இதில் என்ன அதிசயம் என்று இன்று தோன்றலாம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு கூட நிறம் பார்த்துத்தான் நடந்தது. வெள்ளையருக்கு ஒரு கோவில், கறுப்பருக்கு வேறு கோவில். ஆகவே நம்மையும் மனிதராக மதிக்கிற இடம் இதுதான் என்று தங்கை சந்தோஷப்பட்டதில் வியப்பு இல்லை. சகோதரிகள் இருவரும் அந்தச் சபையில் சேர்ந்தார்கள்.

ஜோன்ஸ் வாயால் மட்டும் பேசியவர் அல்ல. ஏழைகளுக்குச் சோறு போட்டார். வயதானவர்களுக்கு விடுதி நடத்தினார். 1961-ம் ஆண்டில் நகரின் மனித உரிமைக் குழுவுக்குத் தலைவர் ஆனார். வெள்ளையரான அவரும் அவர் மனைவியும் ஒரு கறுப்புக் குழந்தையைத் தத்து எடுத்துத் தங்கள் பெயரையே சூட்டினார்கள். இதெல்லாம் வேஷம் என்று இப்போது சொல்வது சுலபம். பசித்தவன் சாப்பிட்ட சோறு வேஷம் அல்ல. அது உண்மையாகவே அவன் பசியைத் தீர்த்தது.

ஹயசிந்த் உடம்பில் ஒரு கட்டி வந்தது. ஜோன்ஸின் பிரார்த்தனையால் அது மறைந்துவிட்டது என்று அவர் நம்பினார். பிற்காலத்தில் சபையை விட்டு வந்தவர்கள் உண்மையைச் சொன்னார்கள். புற்றுநோய்க் கட்டி வெளியே வந்துவிட்டது என்று மேடையில் காட்டியது எல்லாம் கோழிக் குடலாம்! ஆனால் தமக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது என்று நம்புகிற ஒருவருக்கு அதை யார் எடுத்துச் சொல்வது? சொன்னாலும் அவர் காதில் ஏறுமா?

படிப்படியாக

1965-ம் ஆண்டில் ஜோன்ஸ் கலிபோர்னியாவுக்குப் போனார். அணுகுண்டுப் போர் வரப் போகிறது, அங்கே போனால் தப்பலாம் என்று சொன்னார். நூற்றுக்கும் அதிகமானவர்கள் வீடு வாசலை விட்டு அவர் பின்னால் போனார்கள். சகோதரிகளும் கலிபோர்னியா சென்றார்கள்.

அதன் பிறகுதான் கயிறு இறுகத் தொடங்கியது. முதலில் வருமானத்தில் ஒரு பங்கு கேட்டார்கள். பிறகு அந்தப் பங்கு பெரிதாயிற்று. கடைசியில் வீட்டையே சபைக்கு எழுதிக் கொடுத்தவர்கள் பலர். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக் கொண்டார்கள். தவறு செய்தவர்களைக் கூட்டத்தின் நடுவே நிற்க வைத்து அடித்தார்கள். புருஷன் பேசியதைப் பெண்டாட்டியும், தாய் பேசியதைப் பிள்ளையும் தலைவரிடம் சொல்ல வேண்டும் என்று பழக்கினார்கள்.

முதல் நாளிலேயே இதையெல்லாம் கேட்டிருந்தால் ஒருவர் கூடச் சம்மதித்திருக்க மாட்டார். ஒவ்வொரு படியும் முந்திய படியை விடக் கொஞ்சம்தான் உயரம். நேற்று பாதி கொடுத்தவன் இன்று மீதியைக் கொடுக்க மறுத்தால், நேற்றுக் கொடுத்ததும் வீண் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து வருஷமாகக் கொடுத்தவன் அப்படி ஒப்புக்கொள்வது எவ்வளவு கஷ்டம்! சீட்டுக் கம்பெனியில் பணத்தைப் போட்டு ஏமாந்தவர்கள் கூட, கடைசி நாள் வரை கம்பெனி நல்ல கம்பெனி என்றுதான் சாதிப்பார்கள்.

1977-ம் ஆண்டில் சபையைப் பற்றி ஒரு பத்திரிகை அம்பலப்படுத்தி எழுதியது. நூற்றுக்கணக்கானவர்களுடன் ஜோன்ஸ் கயானா காட்டுக்குக் குடியேறினார். அங்கே எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக் கொண்டார்கள். கடிதங்களைப் பிரித்துப் படித்தார்கள். பகலிலும் இரவிலும் ஒலிபெருக்கியில் ஜோன்ஸின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எதிரிகள் வருகிறார்கள், எல்லோரும் சேர்ந்து சாகத் தயாராக வேண்டும் என்று நள்ளிரவில் எழுப்பி ஒத்திகை கூட நடத்தினார்கள்.

அமெரிக்கத் தூதரக அதிகாரிகள் வந்தது உண்டு. சிலரைத் தனியே அழைத்து, ஊருக்குப் போக விருப்பமா என்று கேட்டார்கள். இங்கே சுகமாக இருக்கிறோம் என்றுதான் பதில் வந்தது. குழந்தை ஒரு கொட்டகையில், தாய் வேறு கொட்டகையில் இருக்கும்போது வேறு என்ன பதில் வரும்?

கட்டிப்போட்டது எது?

ஹயசிந்த் இதற்கு வெகு முன்பே ஜோன்ஸ் மீது நம்பிக்கை இழந்துவிட்டார். பிறகு ஏன் காட்டுக்கு வந்தார்? தங்கை நம்பினார், தங்கை வந்தார். தங்கையை விட்டுப் பிரிய அக்காளுக்கு மனம் இல்லை. அவ்வளவுதான்.

ஜோன்ஸின் வார்த்தையை நம்பியவர்கள் மட்டும் அங்கே இருக்கவில்லை. நம்பாதவர்களும் இருந்தார்கள். அவர்களைக் கட்டிப்போட்டது பாசம். இந்தப் பாசத்தைத்தான் ஜோன்ஸ் பூட்டாகப் பயன்படுத்தினார்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததைப் பார்த்தாலே இது விளங்கும். ரயானுடன் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டே குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தாய், தகப்பன், பிள்ளைகள் என்று குடும்பத்தோடு கிளம்பினார்கள். இன்னொரு தகப்பன் தன் குழந்தைகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டான். அவன் மனைவி விடவில்லை. குழந்தைகளைக் கொண்டு போகாதே என்று கூச்சலிட்டாள். அந்தக் குடும்பம் புறப்படவே இல்லை.

அன்று காலையிலேயே யாருக்கும் தெரியாமல் காட்டு வழியாக நடந்து தப்பியவர்கள் 11 பேர். அவர்களில் ஒரு இளம் தாய், தன் சின்ன மகனைச் சுமந்துகொண்டு நடந்தாள். அவள் புருஷன் ஜோன்ஸின் காவல் படையில் இருந்தவன். அவனிடம் சொல்ல முடியாது. பெற்ற தாயையும் விட்டுவிட்டுத்தான் அவள் போனாள். இருவரும் அங்கேயே இறந்தார்கள். வெளியேறுவதற்கு அவள் கொடுத்த விலை அது.

கடைசிக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து நின்று ஜோன்ஸை எதிர்த்து வாதாடினார். குழந்தைகளாவது பிழைக்கட்டும் என்று அவர் கெஞ்சியது ஒலிநாடாவில் பதிவாகி இருக்கிறது. அவரைக் கூட்டத்தினரே சத்தம் போட்டு அடக்கிவிட்டார்கள். சுற்றிலும் ஆயுதம் தாங்கிய காவலர்கள். விஷம் முதலில் கொடுக்கப்பட்டது குழந்தைகளுக்கு. குழந்தை இறந்த பிறகு தாய்க்கு வாழ வேறு என்ன இருக்கிறது? இதைத் தற்கொலை என்று எழுதியவர்கள் பலர். கைக்குழந்தை எப்படித் தற்கொலை செய்துகொள்ளும்? பெரியவர்களில் எத்தனை பேர் மனமாரக் குடித்தார்கள், எத்தனை பேர் வேறு வழியின்றிக் குடித்தார்கள் என்பதை இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைப் பின்பற்றுகிறவனைக் கேலி செய்ய, அந்தப் பானத்தை வைத்தே அமெரிக்காவில் ஒரு சொலவடை உண்டாகிவிட்டது. இன்றும் சிரித்துக்கொண்டே அதைச் சொல்கிறார்கள்.

அன்று மாலை எல்லோரையும் கொட்டகைக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கி கூப்பிட்டது. தங்கை போனார். ஹயசிந்த்துக்கு அப்போது 76 வயது. நடப்பதே சிரமம். அவர் தம் குடிசையிலேயே இருந்துவிட்டார். இரவு தூங்கினார். காலையில் எழுந்தபோது ஒரு சத்தமும் இல்லை. தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். இறந்தவர்களில் தங்கையும் இருந்தார். ஹயசிந்த் இண்டியானாபொலிஸ் நகருக்கே திரும்பிப் போனார்.