நெஞ்சில் எழுதியிருந்தால் சூதாட்டம் இல்லையா?

2013 மே. கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் பக்கத்தில் நாலு பேர் ஒரு பேச்சிலர் ரூமில் இருந்தோம். சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகத்தில் இருந்த குருநாத் மெய்யப்பன் பந்தய வழக்கில் கைதானார். அன்று டீக்கடையில் எல்லாருமே நீதிபதிகள்தான். "நம்ம டீமை வித்துட்டானுங்கடா" என்று நானும் கத்தினேன். 2015இல் லோதா குழு அணிக்கு இரண்டு ஆண்டு தடை விதித்தது.

தடை முடிந்து மஞ்சள் ஜெர்சி திரும்பிய அதே 2018இல் தோனி ட்ரீம்11 விளம்பரத்தில் வந்தார். 2020இல் ஐபிஎல்லின் பெயரோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2023இல் இந்திய அணியின் நெஞ்சிலேயே ஏறியது. இப்போது டீக்கடையில் ஒருத்தரும் கத்தவில்லை. 49 ரூபாய் கட்டி டீம் போட்டுக்கொண்டிருந்தோம்.

"இது திறமை விளையாட்டு, சூதாட்டம் இல்லை" என்பார்கள். அந்த வாதத்தின் வேர் நம்ம கிண்டியில்தான் இருக்கிறது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சென்னை ரேஸ் கிளப் வழக்கில் சொன்னது. சரி, சட்டம் அப்படியே இருக்கட்டும். அந்தத் திறமையை ஆப் எப்படி நடத்துகிறது என்பதை நான் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன்.

இதே மாதிரி ஒரு கம்பெனியில் சில மாதம் கோடு எழுதினேன். யாருக்கு எவ்வளவு கிரிக்கெட் தெரியும் என்று நாங்கள் ஒருநாளும் அளக்கவில்லை. தோற்றவன் எத்தனை நிமிடத்தில் மறுபடி பணம் போடுகிறான் என்றுதான் அளந்தோம். டாஸுக்கு முன்னால் போகும் நோட்டிஃபிகேஷன் என் கைவேலை. என் பழைய ரூம்மேட்டின் போனுக்கும் அது போயிருக்கிறது. வாடகைக்குக் கடன் கேட்டு அவன் கூப்பிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

"இந்தப் பணம் இல்லன்னா விளையாட்டே வளராது" என்பது அடுத்த சமாதானம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்தது. ஸ்பான்சர் போனார். அடுத்த மாதமே நெஞ்சில் ஸ்பான்சர் பெயர் இல்லாத ஜெர்சியில் இந்தியா ஆசியக் கோப்பையை ஜெயித்தது. ஒண்ணும் குடிமுழுகிப் போகவில்லை.

ஆனால் கிரிக்கெட் வாரியம் தானாக விலகவில்லை, சட்டம் வந்துதான் விலக்கியது. நாளை வேறு பெயரில், வேறு ஓட்டை வழியாக இதே பணம் வரும். 2013இல் ஒரு ஆளைப் பார்த்துக் கத்திய நாம், அன்றைக்கு நெஞ்சில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தும் கத்துவோமா? நான் எழுதிய நோட்டிஃபிகேஷனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.