பந்தாட்ட வீரர் நீதிபதி ஆனார்!

அமெரிக்காவில், ஓகையோ மாகாணத்தில், கேன்டன் என்று ஓர் ஊர். உருக்கு ஆலைகளுக்குப் பெயர் போன ஊர். 1963-ம் ஆண்டு அங்கே ஒரு மண்டபம் திறக்கப்பட்டது. புகழ் பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் போற்றும் மண்டபம் அது.

அதைக் கட்டிய கூலியாட்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூட மாணவனும் வேலை செய்தான். கருப்பு இனத்துப் பையன். பெயர் ஆலன் பேஜ். 25 ஆண்டு கழித்து, 1988-ல், அதே மண்டபத்தில் அவனுக்கே சிலை வைத்தார்கள்!

முரட்டு ஆட்டம்

அமெரிக்கக் கால்பந்து, காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அல்ல. பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள்; தூக்கியும் எறிவார்கள். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும்.

முன்னேற விடாமல் மறிப்பவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்களே தடுப்பு வீரர்கள். எதிரே மலை போல் நிற்கும் ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே புக வேண்டும். பந்து வைத்திருப்பவனைப் பிடித்துக் கீழே சாய்க்க வேண்டும். எலும்பு முறிவது சகஜம். ஆனால் கைதட்டல் பெரும்பாலும் பந்தோடு ஓடுகிறவனுக்குத்தான்!

பேஜ், நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் இந்த வரிசையில் நின்றார். 1966-ல் அவருடைய குழு 10 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஒரே ஓர் ஆட்டம் சமமாக முடிந்தது. 10 ஆட்டத்திலும் சேர்த்து எதிரிகள் எடுத்த புள்ளிகள் வெறும் 38. தேசிய வெற்றிப் பட்டம் நோட்டர் டேமுக்குக் கிடைத்தது.

1967-ல் பேஜ் அரசியல் விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றார். அந்த ஆண்டே மின்னசோட்டா வைக்கிங்ஸ் என்ற தொழில்முறைக் குழு அவரை எடுத்துக்கொண்டது. 1971-ல் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது வந்தது. தடுப்பு வீரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை.

பகலில் பந்து, கையில் சட்டப் புத்தகம்

பணமும் பெயரும் வந்துவிட்டன. வேறு யாராக இருந்தாலும் அதோடு நின்றிருப்பார்கள். பேஜ் நிற்கவில்லை. வக்கீல் ஆக வேண்டும் என்பது அவருடைய சிறு வயது ஆசை. ஆடிக்கொண்டே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். 1978-ல் தேறினார்.

அதே 1978-ல் வைக்கிங்ஸ் குழு அவரைக் கைவிட்டது. நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கியதால் அவர் உடல் மெலிந்து போயிருந்தது. 11 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவரை, 100 டாலர் கட்டணத்துக்குச் சிகாகோ குழு எடுத்துக்கொண்டது. உடம்பை நம்பிய பிழைப்பில் கிடைக்கும் மதிப்பு இவ்வளவுதான்! பேஜ் கலங்கவில்லை. சிகாகோவில் 1981 வரை ஆடினார். வக்கீல் தொழிலும் செய்தார்.

1992-ல் மின்னசோட்டா மாகாண சுப்ரீம் கோர்ட்டுக்கு நீதிபதியாக ஜனங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கோர்ட்டில் அமர்ந்த முதல் கருப்பு இனத்தவர் அவர்தான். 2015-ல், 70 வயதில், ஓய்வு பெற்றார். 2018-ல் அமெரிக்க ஜனாதிபதி அவருக்குச் சுதந்திரப் பதக்கம் அணிவித்தார்.

படிக்கத் தெரியாத வீரர்கள்

1988-ல் மண்டபத்தில் பேசியபோது, பேஜ் தம் வெற்றிகளைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்ளவில்லை. ஒரு வேதனையைச் சொன்னார். ஆட்டத் திட்டங்கள் எழுதிய புத்தகத்தைக்கூடப் படிக்கத் தெரியாத வீரர்கள் தம்மோடு ஆடினார்கள் என்றார். அவர்கள் கல்லூரிக்குப் போய் வந்தவர்கள்!

இது யார் குற்றம்? அந்த வீரர்களின் குற்றம் மட்டும் அல்ல. அவர்கள் ஆடினார்கள், கல்லூரிக்குப் பெயர் கிடைத்தது, டிக்கெட் விற்றது. எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. இதைத் திறமைக்குக் கொடுத்த சலுகை என்று சொல்ல முடியாது. இது துரோகம். முழங்கால் உடைந்த மறுநாள் அந்த இளைஞன் எங்கே போவான்?

பேஜ் பேச்சோடு நிற்கவில்லை. 1988-லேயே மனைவியோடு சேர்ந்து ஒரு கல்வி நிதி தொடங்கினார். அதில் பணம் பெற்றுக் கல்லூரியில் படிப்பவர்கள், சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் நிபந்தனை. வாங்கியவன் கொடுக்கவும் வேண்டும் என்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு!

பிள்ளை நன்றாக ஆடினால் பெற்றோர் தடுக்க வேண்டாம். ஆனால் ஆட்டத்தைக் காட்டிப் படிப்பைப் பறிக்க எந்தப் பள்ளிக்கும், எந்தப் பயிற்சியாளருக்கும் இடம் கொடுக்கக்கூடாது. பேஜின் உடல் பலம் 36 வயது வரை அவருக்குச் சோறு போட்டது. படித்த படிப்போ 70 வயது வரை அவரை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்தது.