வீட்டு வரியில் போலீஸா?

கோவளம் ஊராட்சியின் வீட்டு வரியோடு ஒரு காவல் வரியையும் சேர்த்து வசூலிக்கலாம், அரசும் தன் பங்குக்கு மானியம் தரட்டும், கடற்கரைக்குப் போதுமான போலீஸ் கிடைத்துவிடும் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் அப்படித்தானாம். காசு கொடுப்பவருக்குக் காவலர் பதில் சொல்வாராம். கோவளத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பார்த்தவர் இதை எழுதியிருக்க முடியாது.

2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை இது. விடுமுறை நாளில் அங்கே நிற்கும் வண்டிகள் வேளச்சேரியிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் வந்தவை. குடித்துவிட்டு அலையில் இறங்குகிறவரும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் பந்தயம் விடுகிறவரும் கோவளம் ஊராட்சிக்கா வரி கட்டுகிறார்கள்? கட்டுவது குப்பத்தில் வலை பழுது பார்க்கிறவர், தர்காவுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறவர். வெளியூரான் போடும் ஆட்டத்துக்கு உள்ளூரான் மொய் எழுத வேண்டும் என்பதுதான் இந்தத் திட்டத்தின் சாரம்.

வீட்டின் மதிப்பைப் பார்த்து வரி போடலாமே, பங்களாக்காரர் அதிகம் கட்டுவாரே என்று கட்டுரையாளர் மறுமொழி சொல்லக்கூடும். அங்கேதான் எனக்குப் பயம். காசு கொடுப்பவருக்குக் காவலர் பதில் சொல்ல வேண்டுமென்றால், அதிகக் காசுக்கு அதிகப் பதில். ரோந்து வண்டி எந்த மதில் ஓரமாக நிற்கும், எந்தத் தெருப் பையனை நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். குப்பத்துப் பையன் தன் கடற்கரையிலேயே சந்தேகத்துக்குரியவன் ஆவான். அவன் வீட்டு ரசீதிலும் காவல் வரி என்றொரு வரி இருக்கும்.

இங்கிலாந்தையே பார்ப்போம், அவர் அழைத்துப் போன இடம்தானே. அங்கே வீட்டு வரியில் காவலுக்கென்று ஒரு பங்கு உண்டு. சர்ரே என்ற வசதியான மாவட்டத்தில் காவல்துறையின் பணத்தில் பாதிக்கு மேல் அந்த வரியிலிருந்தே வருகிறது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட வடக்கே நார்தம்பிரியாவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். வீட்டு மதிப்பு குறைந்த இடத்தில் வரியை எவ்வளவு பிழிந்தாலும் அவ்வளவுதான் வரும். 2010-க்குப் பிறகு மத்திய அரசு மானியத்தைக் குறைத்தது. காவலர் எண்ணிக்கை சுமார் 20,000 சரிந்தது. உள்ளூர் வரி ஏறியது. கூடுதலுக்கென்று வந்த வரி அரசு கைவிட்டதை ஈடுகட்டப் போயிற்று. அந்த வரியை நிர்ணயிக்கிற, 2012-இல் தேர்தல் வைத்து உண்டாக்கிய காவல் ஆணையர் பதவியை 2028-இல் ஒழிக்கப்போவதாக அந்நாட்டு அரசே அறிவித்துவிட்டது. இன்னொன்று: அங்கே வீடுகளுக்கு வரிப் படி வகுப்பது இன்றும் 1991-ஆம் ஆண்டு விலையை வைத்துத்தான். இதுவா முன்மாதிரி?

நம் ஊரிலும் இது புதிதல்ல. வெள்ளையர் காலத்தில் நகராட்சிகளின் தலையில் போலீஸ் செலவைக் கட்டினார்கள். அந்தப் பணத்தைப் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் திருப்பலாம் என்று 1882-இல் வைஸ்ராய் ரிப்பன் சொல்ல வேண்டியிருந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். பிறகு அவ்வூர்களில் தண்டப் போலீஸை நிறுத்தி, அதன் செலவையும் ஊர்க்காரர்களிடமே வசூலித்தார்கள். வரி கட்டியதால் அந்தப் போலீஸ் தூத்துக்குடி மக்களுக்குப் பதில் சொன்னதா?

சட்டத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் காவல் என்பது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஊராட்சிகளுக்கென வகுத்த பதினோராம் அட்டவணையின் 29 இனங்களில் அது இல்லை. கோவளத்தைக் கவனிக்கும் கேளம்பாக்கம் காவல் ஆய்வாளர் தாம்பரம் ஆணையருக்குக் கட்டுப்பட்டவர். ஆணையர் உள்துறைக்குக் கட்டுப்பட்டவர். ஊராட்சித் தலைவர் ஒரு காவலரை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மாற்றி நிறுத்தக்கூட முடியாது. வசூல் நம்முடையது, அதிகாரம் கோட்டையினுடையது. கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் கட்டுரை இரண்டாம் பத்தியிலேயே முடிந்திருக்கும்.

வசூலித்த வரி போக வேண்டிய இடத்துக்குப் போகும் என்ற நம்பிக்கைக்கு என்ன ஆதாரம்? 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூலக வரி கட்டிவருகிறோம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. அதை வாங்கிக்கொண்டு நூலகத் துறைக்குச் செலுத்தாமல் நிலுவை வைத்த உள்ளாட்சிகளின் கதை ஊரறிந்தது. புத்தகத்துக்கே இந்தக் கதியென்றால் லத்திக்கு மட்டும் நேர்மை வந்துவிடுமா?

போலீஸ் போதவில்லை என்பதில் அவரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் காவலுக்கு நாம் ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், சோப்பு வாங்கும்போதும் பெட்ரோல் போடும்போதும். மாநில அரசு ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் காவல்துறைக்கு ஒதுக்குகிறது. 2022 ஜனவரியில் தாம்பரம் காவல் ஆணையரகம் தொடங்கியபோது யாரும் காவல் வரி கேட்கவில்லை. விடுமுறை நாளுக்குக் கடற்கரையில் இத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போட்டு, காவல்துறை மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும்போது திருப்போரூர்த் தொகுதி உறுப்பினரை எழுந்து பேசச் சொல்வதுதான் செய்யக்கூடிய வேலை. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கக் கட்டுரையாளருக்கு நேரமிருந்தால், மனுவில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.